உறங்காத இரவும் விழித்திருக்கும் இரவும்



திருவரங்கம், திருக்குடந்தை, திருவனந்தபுரம் முதலான திவ்யதேசங்களில் எம்பெருமான் அரவணைமேல் பள்ளிகொண்டு ஸேவை ஸாதிக்கிறான். அந்தப் பள்ளி உலகத்தார் உறங்கும் உறக்கம் அன்று. கண்வளர்வது போலத் தோற்றமளித்து, உலகைக் காக்கும் வகையைத் திருவுள்ளத்தில் கொண்டிருக்கும் யோகநித்திரை என்பது பெரியோர் துணிபு. திருக்குடந்தையில் திருமழிசையாழ்வார், திருமேனி அலுத்துத்தான் பள்ளிகொண்டதோ என்று வினவ, ஆராவமுதன் விடையளிக்கத் தலைதூக்கி எழத் தொடங்கினான் என்பதும், ஆழ்வாரின் மங்களாசாஸனத்தால் அந்நிலையிலேயே நின்றான் என்பதும், அதனால் அத்திருக்கோலம் உத்தான சயனம் எனப் பெயர் பெற்றதும் அன்பர்கள் அறிந்தவையே. அழைத்தால் அக்கணமே எழுவதற்கு ஆயத்தமான உறக்கம் அது.

மனிதனின் நிலை வேறு. அவனுக்கு உறக்கம் உணவைப் போன்ற தேவை. ஆயினும் விழாக்காலத்தில் சத்திரத்துத் திண்ணையில் படுத்தவுடன் உறங்கும் பேறு எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. சிலர் படுத்து நெடுநேரம் புரளுகின்றனர். வேறு சிலர் படுத்தவுடன் உறங்கிவிடுகின்றனர். ஆனால் நள்ளிரவு கடந்து ஒன்றரை மணிக்கோ இரண்டு மணிக்கோ கண் விழித்துக்கொள்ள, அதன்பின் கோழி கூவும்வரை கூரையைப் பார்த்துக் கிடக்கின்றனர். இல்லத்திலும் இதே நிலை என்று சொல்வோர் பலர். இவர்களிடையே இரண்டு எண்ணங்கள் வழங்குகின்றன. உறக்கமின்மை ஏதோ முன்செய்த பாபத்தின் தண்டனை என்பது ஒன்று. அது பக்தி முதிர்ந்ததன் அடையாளம், ஆகவே மருந்தோ முயற்சியோ வேண்டாம் என்பது மற்றொன்று. இரண்டுக்கும் சாஸ்திரத்தில் ஆதாரம் இல்லை. முதலாவது நோயாளியை அச்சுறுத்துகிறது. இரண்டாவது அவரை மருத்துவரிடம் போகாமல் தடுக்கிறது. இதில் இரண்டாவதே அதிகக் கேடு செய்வது.

கீதையின் ஆறாம் அத்தியாயத்தில் கண்ணன் இதற்குத் தெளிவாகவே விடை அருளியிருக்கிறான். மிகுதியாக உறங்குபவனுக்கு யோகம் கைகூடாது என்று சொன்ன அதே வாயால், மிகுதியாக விழித்திருப்பவனுக்கும் கைகூடாது என்று சொல்லுகிறான். அடுத்த சுலோகத்தில் உணவு, உலாவல், செயல் ஆகியவற்றோடு உறக்கத்தையும் விழிப்பையும் சேர்த்து, அளவோடு கொள்ளப்பட்டால்தான் யோகம் துயர் தீர்க்கும் என்கிறான். கேட்டுக்கொண்டிருந்தவனோ குடாகேசன், உறக்கத்தை வென்றவன் என்று பெயர் பெற்ற அர்ஜுனன். அவனிடமே இதைச் சொன்னது கவனிக்கத்தக்கது.

உறங்காத இரவு ஒன்றின் வரலாற்றை விரிவாகச் சொல்லும் நூல் மஹாபாரதம். உத்யோக பர்வத்தின் உட்பிரிவு ஒன்றுக்கே பிரஜாகர பர்வம் என்று பெயர். பிரஜாகரம் என்றால் உறக்கமின்மை. விதுரநீதி என்று தனிப்புத்தகமாகப் பலரும் வாங்கிப் படிப்பது இப்பகுதியைத்தான். ஆனால் அந்நீதி முழுவதும், உறக்கம் வராத ஒரு கிழவனுக்கு ஒரே இரவில் சொல்லப்பட்டது என்பதைப் படிப்பவர் மறந்துவிடுகின்றனர்.

பாண்டவர்களிடம் தூது சென்ற ஸஞ்ஜயன் இரவில் ஹஸ்தினாபுரம் திரும்புகிறான். திருதராஷ்டிரனைக் கண்டு, அவன் செய்ததும் செய்யாமல் விட்டதும் தகாதவை என்று இடித்துரைக்கிறான். தர்மபுத்திரன் சொல்லியனுப்பிய செய்தியை மட்டும் மறுநாள் சபையில் சொல்வதாகக் கூறி, பயணக்களைப்புத் தீரப் படுக்கச் சென்றுவிடுகிறான். செய்தி கொண்டுவந்தவன் உறங்குகிறான். செய்திக்குக் காத்திருப்பவனுக்கு உறக்கம் இல்லை. அரசன் வாயிற்காவலனை அனுப்பி விதுரனை அழைப்பிக்கிறான். உள்ளம் எரிகிறது, உறக்கம் வரவில்லை, நன்மையானதைச் சொல் என்கிறான்.

விதுரன் உடனே நீதி சொல்லத் தொடங்கிவிடவில்லை. கைதேர்ந்த வைத்தியனைப் போல முதலில் காரணத்தை ஆராய்கிறான். வலியவனால் தாக்குண்ட எளியவன், பொருளைப் பறிகொடுத்தவன், காமத்தால் பீடிக்கப்பட்டவன், திருடன் என்றிப்படிப்பட்டவர்களையே உறக்கமின்மை வந்தடைகிறது. இவற்றுள் ஏதேனும் உம்மைத் தீண்டிவிட்டதா என்று கேட்கிறான். அதோடு நில்லாமல், பிறர் பொருளுக்கு ஆசைப்பட்டுத்தான் வேகிறீரோ என்று ஒரு வினாவை மெல்ல நுழைக்கிறான். பாண்டவர்களின் நாட்டைத் திருப்பித் தர மனமில்லாத அரசனிடம் அந்த இரவில் கேட்கப்பட வேண்டிய வினா அது ஒன்றுதான். அரசன் அதற்கு நேராக விடை சொல்லவில்லை. தர்மமான வார்த்தைகளைக் கேட்க விரும்புகிறேன் என்று பேச்சை மாற்றுகிறான்.

அதன்பின் எட்டு அத்தியாயங்கள் நீதி பொழிகிறது. அதற்குமேல் ஸனத்ஸுஜாதரே வந்து பிரம்மவித்தையை உபதேசிக்கிறார். இரவு கழிகிறது. இவ்வளவு கேட்டும் அரசன் உறங்கினானா? இல்லை. விதுரன் உபதேசித்து முடித்ததும் அவனே உண்மையை ஒப்புக்கொள்கிறான்: நீ சொல்லுகிறபடியே என் புத்தி செல்லுகிறது, ஆனால் துரியோதனனைக் கண்டவுடன் அது திரும்பிவிடுகிறது என்கிறான். இரவில் எத்தனை நல்வார்த்தை கேட்டாலும், பகலில் செய்ய வேண்டியதைச் செய்யாதவனுக்கு அடுத்த இரவும் அப்படியேதான் விடியும். கொடுக்க வேண்டிய கடனையோ, உடன்பிறந்தாரோடு முடிக்க வேண்டிய பாகவழக்கையோ, கேட்க வேண்டிய மன்னிப்பையோ வைத்துக்கொண்டு உறக்கத்துக்கு மருந்து தேடுவோர் இப்பகுதியை ஒருமுறை பொருளுணர்ந்து படிக்கலாம். எல்லா உறக்கமின்மைக்கும் இதுவே காரணம் என்பதன்று; விதுரனே பல காரணங்களை அடுக்கித்தான் கேட்டான்.

மஹாபாரதத்திலேயே இதற்கு நேர்மாறான ஓர் இரவும் உண்டு. அது ஸௌப்திக பர்வத்தில் வருவது. துரியோதனன் தொடை முறிந்து வீழ்ந்தபின், அசுவத்தாமா, கிருபர், கிருதவர்மா மூவரும் காட்டில் ஓர் ஆலமரத்தடியில் தங்குகின்றனர். மற்ற இருவரும் களைப்பால் உறங்கிவிட, அசுவத்தாமாவுக்கு மட்டும் சினத்தால் கண் மூடவில்லை. மரக்கிளைகளில் உறங்கும் காக்கைகளை ஓர் ஆந்தை வந்து கொன்று குவிப்பதைக் காண்கிறான். அதையே உபதேசமாகக் கொண்டு, உறங்கும் பகைவரைக் கொல்லத் தீர்மானிக்கிறான். எழுப்பப்பட்ட கிருபர் சொன்னது என்ன? இந்த இரவு உறங்கு, களைப்புத் தீரட்டும், காலையில் யோசித்துச் செய்வோம் என்றார். அவர் சொல் ஏறவில்லை. திரௌபதியின் ஐந்து மைந்தர்களும் அவ்விரவே மாண்டனர்.

நள்ளிரவில் விழித்துக் கிடப்பவரின் மனம் எதையும் பெரிதாக்கிக் காட்டும் இயல்புடையது. மகனுக்கு எழுதப்படும் கடுமையான கடிதமும், கைபேசியில் அனுப்பப்படும் சுடுசொல்லும், சொத்தை விற்றுவிடும் முடிவும் அந்நேரத்தில் நியாயமாகவே தோன்றும். கிருபரின் வார்த்தையைக் கைக்கொண்டு, எத்தீர்மானமானாலும் விடிந்தபின் என்று தள்ளிவைப்பது நல்லது. தலைமாட்டில் ஒரு தாளும் பென்சிலும் வைத்திருந்து, மனத்தை அரிப்பதை ஒரு வரியில் குறித்துவிட்டு, நாளைப் பகலில் இதைப் பார்ப்போம் என்று மூடிவைக்கும்படி இக்காலத்து மனநல மருத்துவர்களும் சொல்லுகின்றனர்.

இனி, ஆழ்வார்களின் உறங்காமை. திருவாய்மொழி ஐந்தாம் பத்தின் நான்காம் திருவாய்மொழியில், பராங்குச நாயகி இரவின் நீளத்தைச் சொல்லிப் புலம்புகிறாள். ஊரும் உலகும் அடங்கிவிட்டன, இருள் செறிந்துவிட்டது, தோழியரும் அன்னையரும்கூட உறங்கிவிட்டனர், எழவேண்டிய கதிரவன் எழவில்லை. உறங்காத இரவின் தனிமையை இதைவிட உள்ளபடி சொன்ன நூல் அரிது. ஏழாம் பத்தின் இரண்டாம் திருவாய்மொழியில், இரவிலும் பகலிலும் உறக்கமற்ற மகளின் நிலையைத் தாய் அரங்கன் திருமுன்பே முறையிடுகிறாள். இப்பாசுரங்களைக் காட்டி, உறங்காமையே பக்தி என்று சொல்லுவோர் உண்டு. அது பொருந்தாது. ஆழ்வாருக்கு பிரிவாற்றாமையால் உறக்கம் போயிற்று. உறக்கம் போனதனால் அவர் ஆழ்வாராகவில்லை. வயது முதிர்ந்து மூட்டுவலியால் விழிப்பவர் தம்மைப் பராங்குச நாயகியோடு ஒப்பிட்டுக்கொண்டு வலிக்கு வைத்தியம் செய்யாதிருப்பது பேதைமை. எனினும், விழித்துக் கிடக்கும் இரவில் அந்தப் பதிகத்தை நினைப்பவருக்கு ஒரு துணை கிடைக்கும். உலகமே உறங்கும்போது விழித்திருப்பவர் தாம் ஒருவரே அல்லர் என்பது அப்போது தெரியும்.

நம்மாழ்வார் பதினாறு ஆண்டுகள் எழுந்தருளியிருந்த திருக்குருகூர்த் திருப்புளிக்கு உறங்காப்புளி என்றே பெயர். திருக்கண்ணங்குடியிலும், திருமங்கையாழ்வார் புதைத்துவைத்த பொன்னைக் காவல் காத்ததாகச் சொல்லப்படும் உறங்காப்புளி ஒன்றின் வரலாறு உண்டு. புளியமரத்தை அறிந்தவர்களுக்கு இப்பெயரின் நயம் விளங்கும். மற்றப் புளியமரங்கள் மாலையில் இலைகளைக் கூப்பிக்கொண்டு காலையில் விரிக்கின்றன. மரமும் உறங்குகிறது என்று கிராமத்தார் சொல்வது வெறும் கற்பனையன்று. 1729-ஆம் ஆண்டில் தெ மேரான் என்னும் பிரெஞ்சு அறிஞர், தொட்டாற்சுருங்கி வகைச் செடி ஒன்றை வெயில் படாத இருட்டில் வைத்துப் பார்த்தார். சூரியனைக் காணாமலேயே அது உரிய வேளையில் இலைகளை விரித்தது. உயிர்களுக்குள் ஒரு நாழிகை வட்டில் இருக்கிறது என்பது அதனால் புலப்பட்டது. அந்தக் கடிகாரம் அணுக்களுக்குள் எவ்வாறு ஓடுகிறது என்று கண்டறிந்த ஹால், ராஸ்பாஷ், யங் என்னும் மூவருக்கு 2017-ஆம் ஆண்டில் நோபல் பரிசு வழங்கப்பட்டது. காலையொளி அந்தக் கடிகாரத்துக்கு முடுக்குக் கொடுக்கிறது; இரவில் முகத்தருகே ஒளிரும் விளக்கும் கைபேசித் திரையும் அதைப் பின்தள்ளுகின்றன. விடியலில் நீராடி, கிழக்கு நோக்கி அர்க்கியம் விட்டு, வெயிலில் திருவீதி வலம்வரும் வழக்கம் உடலுக்கும் ஏற்றதாக அமைந்திருப்பது இவ்வகையில் விளங்கும்.

ஆயுர்வேதம் உறக்கத்தை உடலைத் தாங்கும் மூன்று துணைத்தூண்களில் ஒன்றாக, உணவுக்கு அடுத்து வைத்து எண்ணுகிறது. உறக்கம் கெடுவதற்குச் சரகர் ஐந்து காரணங்கள் கூறுகிறார்: காரியம், காலம், விகாரம், பிரகிருதி, வாயு. அதாவது ஓயாத வேலை, முதுமை முதலிய காலவேறுபாடு, நோய், இயல்பு, வாதத்தின் மிகுதி. உறக்கமின்மையைப் பாபம் என்று அவர் இவ்விடத்தில் சொல்லவில்லை. எண்ணெய் தேய்த்தல், நீராட்டு, பால், நெய், இனிய மணம், செவிக்கினிய ஒலி, கைகால் பிடித்துவிடுதல், இதமான படுக்கை ஆகியவற்றை மருந்தாகக் கூறுகிறார். எம்பெருமானுக்குப் பள்ளியறையில் பாலும் பூவும் தாலாட்டும் ஸமர்ப்பிக்கும் உபசாரங்களோடு இவை ஒத்திருப்பதைக் காண இனிமையாக இருக்கிறது.

நள்ளிரவில் விழிப்பு வருவதே நோய் என்று அஞ்ச வேண்டியதில்லை. உறக்கம் ஒரே நீட்டாகச் செல்வதன்று. ஏறக்குறைய தொண்ணூறு நிமிஷத்துக்கு ஒரு சுற்றாக அது ஆழ்ந்தும் மேலெழுந்தும் செல்லுகிறது. ஆழ்ந்த உறக்கம் பெரும்பாலும் இரவின் முற்பகுதியிலேயே முடிந்துவிடுவதால், பின்னிரவில் விழிப்பு எளிதில் நேர்கிறது. முதியவர்களுக்கு இது இன்னும் மிகுதி. 1992-ஆம் ஆண்டில் தாமஸ் வேர் என்னும் அமெரிக்க மருத்துவர், சிலரை நாளொன்றுக்குப் பதினான்கு மணி நேரம் இருளில் இருக்கச் செய்து ஆராய்ந்தபோது, அவர்களின் உறக்கம் தானே இரண்டாகப் பிரிந்து, இடையே அமைதியான ஒரு விழிப்பு அமைந்தது. விழிப்பு கெடுதியன்று, விழித்தபின் எழும் கவலையே கெடுதி. மணி என்ன என்று பார்ப்பது, இன்னும் மூன்று மணி நேரம்தான் இருக்கிறது என்று கணக்கிடுவது, நாளை உடம்பு என்னாகுமோ என்று நடுங்குவது ஆகிய இவையே வந்த உறக்கத்தை வாயிலிலேயே நிறுத்திவிடுகின்றன.

செய்யத்தக்கது எளியது. கடிகாரத்தைத் திருப்பி வைத்துவிட வேண்டும். இருபது நிமிஷம் போலக் கழிந்தும் கண் மூடவில்லை என்று தோன்றினால், படுக்கையை விட்டு எழுந்து, மங்கிய விளக்கொளியில் அமர்ந்து, மனத்தைக் கிளறாத ஒன்றைச் செய்துகொண்டிருந்து, கண் சுழலும்போது மட்டும் திரும்பிப் படுக்க வேண்டும். எத்தனை முறை ஆனாலும் இப்படியே. படுக்கை என்றால் உறக்கம் என்று உடல் மீண்டும் பழகுவதற்காக இந்த முறையை 1972-ஆம் ஆண்டில் ரிச்சர்ட் பூட்ஸின் என்னும் உளவியலார் வகுத்தார். இரவு எப்படிக் கழிந்தாலும் காலையில் எழும் நேரத்தை மாற்றக் கூடாது. இழந்ததைப் பகலில் ஈடுசெய்ய நெடுநேரம் படுக்கவும் கூடாது. பிற்பகலுக்குமேல் காப்பியும் தேநீரும் வேண்டாம். மாலை ஐந்து மணிக்குக் குடித்த காப்பியின் சாரத்தில் பாதியளவு இரவு பத்து மணிக்கும் உடலில் இருப்பது உண்டு. நெடுநாள் உறக்கமின்மைக்கு மாத்திரையைக் காட்டிலும் இத்தகைய பயிற்சியையே முதலில் அளிக்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-ஆம் ஆண்டில் பரிந்துரைத்துள்ளது.

அந்த விழிப்பில் திருநாமம் சொல்லலாமா என்று கேட்பவர் உண்டு. தாராளமாகச் சொல்லலாம். படுக்கும்போது பத்மநாபனையும், கெட்ட கனவு கண்டால் கோவிந்தனையும் நினைக்கும்படி பெரியோர் விதித்திருக்கின்றனர். ஆனால் நாமத்தை உறக்கமாத்திரையாக எண்ணி, நூற்றெட்டு முடிந்தது, இன்னும் உறக்கம் வரவில்லையே என்று சோதிப்பதில் பயன் இல்லை. அப்படிச் சோதிக்கும் மனமே விழித்துக்கொள்கிறது. நாமம் நாமத்துக்காகச் சொல்லப்பட வேண்டும். உறக்கம் வந்தால் வரட்டும்.

இன்னொரு மயக்கமும் தீர வேண்டும். இரண்டு மணிக்கு விழித்தவர், பிரம்ம முகூர்த்தம் வந்துவிட்டது என்று எழுந்து நீராடிவிடுகின்றார். சூரியோதயத்துக்கு முந்திய இரண்டு முகூர்த்தங்களில் முதலாவதே பிரம்ம முகூர்த்தம். ஒரு முகூர்த்தம் நாற்பத்தெட்டு நிமிஷம். ஆறு மணிக்குச் சூரியன் உதிக்கும் நாளில் அது 4-24 முதல் 5-12 வரை. மேலும், அவ்வேளையில் எழவேண்டும் என்று விதித்த வாக்படர், எழுபவனை ஸ்வஸ்தன் என்ற சொல்லால் குறிக்கிறார். உடல்நலம் உள்ளவனுக்கே அவ்விதி.

வாரத்தில் மூன்று இரவுகளுக்குக் குறையாமல், மூன்று மாதங்களாக உறக்கம் கெட்டு, பகலில் வேலையும் கெட்டால் மருத்துவரை நாட வேண்டும். பெருங்குறட்டையிடையே மூச்சு நின்று திணறி விழிப்பவரும், இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழுபவரும் தாமதிக்கலாகாது. பின்னது நீரிழிவின் அறிகுறியாகவும் இருக்கலாம். விடியுமுன் விழித்து, காரணமின்றித் துக்கம் சூழ்ந்து, வாழ்வில் வெறுப்புத் தோன்றுமானால் அதை வைராக்கியம் என்று எண்ணிவிடக் கூடாது. அது மருந்தால் தீரும் மனநோயாக இருக்கலாம். உடனே உற்றாரிடம் சொல்லவேண்டும். 2022-ஆம் ஆண்டில் மத்திய அரசு தொடங்கிய டெலி மனஸ் உதவிக்கு 14416 என்ற எண்ணில் எந்நேரமும் பேசலாம். அண்டைவீட்டார் கொடுத்த உறக்கமாத்திரையை விழுங்குவது முதியவர்களை இருட்டில் விழச் செய்யும். நெடுநாள் உட்கொண்டதைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்தே.

உறக்கமின்மை வேறு, ஜாகரணம் வேறு. இவ்வேறுபாட்டுக்கு நம்பாடுவானே சான்று. திருக்குறுங்குடியில் பாணர் குலத்தில் அவதரித்த அவ்வடியார், இரவுதோறும் எம்பெருமானைப் பாடித் துதிப்பதை விரதமாகக் கொண்டிருந்தார். கார்த்திகை மாதத்துச் சுக்லபக்ஷ ஏகாதசி இரவில் வழியில் ஒரு பிரம்மராக்ஷஸன் பிடித்துக்கொள்ள, பாடிவிட்டுத் திரும்பி வருவதாகப் பதினெட்டுச் சபதங்கள் செய்து சென்று, பாடி, சொன்னபடியே திரும்பினார். கைசிகப் பண்ணில் பாடிய பாட்டின் பலனைக் கொடுத்து ராக்ஷஸனையும் உய்வித்தார். வராஹ புராணம் கூறும் இவ்வரலாறு இன்றும் கைசிக ஏகாதசியன்று திவ்யதேசங்களில் வாசிக்கப்படுகிறது. திருதராஷ்டிரன் உறங்க விரும்பியும் உறங்க முடியாதவன். நம்பாடுவான் உறங்கக்கூடியவராயிருந்தும் பாடுவதற்காக விழித்தவர். கதையில் உயிருக்கு அஞ்சவேண்டியவர் அவரே. ஆனால் அஞ்சாதவரும் அவரே.

கைசிக ஏகாதசி, வைகுண்ட ஏகாதசி முதலிய நாட்களில் ஜாகரணம் இருக்கும் அன்பர்கள் முதல்நாள் பகலில் சிறிது உறங்கியிருப்பது நலம். நீரிழிவு, வலிப்பு, இருதயநோய் உள்ளவர்களும் கருவுற்றவர்களும் மருத்துவரைக் கேளாமல் உபவாஸத்தையும் ஜாகரணத்தையும் சேர்த்து மேற்கொள்ள வேண்டாம். வலிப்பு உள்ளவருக்கு ஓரிரவு உறக்கம் கெடுவதே வலிப்பை வரவழைக்கக் கூடும். துவாதசியன்று பாரணை முடித்துப் பகலுறக்கம் தவிர்க்கும்படி பெரியோர் சொல்லியிருப்பது அன்றிரவு உறக்கம் தானே கூடுவதற்கும் உதவுகிறது. ஆனால் அந்தப் பகலிலேயே ஊர் திரும்ப வண்டியேறுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரவு முழுதும் கண் விழித்தவரின் கை, குடித்தவரின் கையைப் போலத் தடுமாறும். தாம் உறங்கிவிட்டதே அவருக்குத் தெரியாமல் சில நொடிகள் கழியும். அடியார்களை ஏற்றிவந்த வேன் ஓட்டுநரும் கூட்டத்தோடு நின்று ஸேவித்தவராகவே இருப்பார். அவருக்கு ஓசையில்லாத ஓரிடத்தில் பாய் விரித்துக் கொடுத்து, நன்றாக உறங்கி எழுந்தபின் வண்டியை எடுக்கச் செய்வது குழுவை அழைத்து வந்தவரின் பொறுப்பு.